உப்பு ஏறாத மலை

கரைநாட்டில் உப்பு விளைந்தது, மலைநாட்டில் விளையவில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரே கணவாய். அதில் ஒரு வாயில். அவ்வாயில் அடைபட்டு இருபத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அடைக்கும் ஆணையை எழுதியவர் கரைநாட்டு அமைச்சர் நெடுஞ்சேந்தன்.

தடையை நீக்கலாமா என்று முடிவு செய்ய மறுநாள் அவை கூடவிருந்தது. அமைச்சரின் சொல்லே முடிவாகும் என்பதை எல்லாரும் அறிவர். அவர் தம் ஆசிரியையான துறவி நங்கையடிகளிடம் சென்றார்.

"நீக்கலாமா, அடிகளே?"

"எதற்காக இட்டீர்?"

"தூதனாகப் போன என் தம்பியை மலையரசன் கொன்றான். உடலைக்கூடத் திருப்பித் தரவில்லை. இன்றுவரை ஒருவரும் வந்து பொறுத்தருளுங்கள் என்று கேட்கவில்லை."

"மலையரசன் இருக்கிறானா?"

"இறந்து பன்னிரண்டு ஆண்டுகள்."

"உப்பில்லாமலா உண்டான்?"

அமைச்சர் தலைகுனிந்தார். "அரண்மனைக்குக் கள்ளவழியில் போய்க்கொண்டுதான் இருந்தது."

அடிகள் எழுந்தார். "ஒரு மூட்டை உப்பு கொண்டுவரச் சொல்லும். வாயில்வரை நடப்போம்."

கரையில் இக்கதையைச் சொல்வோர் மூன்று மூட்டை என்பர். மலையில் சொல்வது ஒரு மூட்டைதான்.

தாழ் துருவேறி இறுகியிருந்ததால் காவலர் சம்மட்டியால் அடித்தே திறந்தனர். ஓசை கேட்டு மறுபுறத்து ஊரார் கூடினர். அவர்களுள் மூத்தவரான குன்றன் மூட்டையை உற்றுப் பார்த்தார்.

"உப்பா? பல்லெல்லாம் கொட்டிய பிறகு கரும்பு கொடுக்க வந்தீர்களாக்கும்!"

அடிகள் சிரித்தார். அமைச்சர் சிரிக்கவில்லை.

மூட்டை அவிழ்ந்தது. ஒருவரும் ஒரு கல்லை எடுத்து நாவில் வைக்கவில்லை. ஆளுக்கொரு பிடியை மடியில் முடிந்துகொண்டு, ஊர்ப்பக்கம் திரும்பாமல் மேட்டுச் சரிவில் ஏறினர்.

"உங்கள் அடுப்பெல்லாம் அந்த மேட்டிலா இருக்கிறது?" என்றார் அமைச்சர்.

"அடுப்புக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், கரையாரே. இறந்தவர் நெஞ்சில் ஒரு பிடி உப்பு வைத்துத்தான் மண் தள்ளுவோம். வைக்காமலே தள்ளிய குழிகள் அங்கே கிடக்கின்றன. என் மனைவி இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். மேல்மண்ணிலாவது இடுகிறோம்."

"முதலில் அவர்களுக்கா?"

"இல்லை. போன வரிசைப்படிதான். உப்பில்லாமல் முதலில் போனவர் உங்கள் ஊர்க்காரர், அந்தத் தூதர்."

அமைச்சர் வாயில் தூணைப் பற்றிக்கொண்டார்.

"கொன்றது எங்கள் அரசன். பாவம் எங்களுடையது" என்றார் குன்றன். "உடலைச் சுமந்து இதே இடத்துக்கு வந்தோம். தட்டினோம். மூன்று நாள் உட்கார்ந்திருந்தோம். அதற்குமேல் வைத்திருக்க முடியவில்லை, ஐயா. உப்பு வண்டி வரவேண்டிய வாரம் அது. வீடுகளில் ஒரு கல் இல்லை."

எவர் தட்டினாலும் மறுமொழி கூறலாகாது என்பது அமைச்சர் எழுதிய ஆணையின் இரண்டாம் வரி.

மூட்டை ஒழிந்தது. சரிவில் பாதிக் குழிகளுக்கு உப்பு எட்டவில்லை. வெறுங்கையோடு நின்றவர்கள் வாயிலைத் திரும்பிப் பார்த்தனர்.

அமைச்சர் கேட்டார்: "இன்னும் எத்தனை மூட்டை வேண்டியிருக்கும், அடிகளே?"

அடிகள் சரிவைப் பார்த்தபடியே சொன்னார்: "அவர்கள் தட்டியபோது ஒரு பிடி போதுமாயிருந்தது."