புருஷன் வந்தாச்சு, பணம் எதுக்கு?

கல்யாணமான மறுமாதமே அன்னபுஷ்பத்தின் ஊனமுற்றோர் உதவித்தொகை நின்றுபோனது. போலியோ தாக்கிய காலை இழுத்துக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போனாள்.

தாசில்தார் தணிகாசலம் கூட்டத்தின் முன்னாலேயே இளித்தார். "அதான் புருஷன் வந்துட்டானே, அவன் சோறு போடுவான். உனக்கெதுக்குத் தனிக் காசு?"

"ஒரு சோப்பு வாங்கக்கூட அவர்கிட்ட கையேந்தணுமா ஐயா?"

"குடும்பம்னா அப்படித்தான்!"

"உங்க வீட்டம்மா பேங்க் மேனேஜராமே?"

"ஆமா, என்னைவிடச் சம்பளம் அதிகம்" என்று நெஞ்சை நிமிர்த்தினார்.

அன்னபுஷ்பம் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "கேட்டுக்குங்க! ஐயாவுக்கு வீட்டம்மா சோறு போடுவாங்க. இனிமே அவருக்குச் சம்பளம் வேண்டாமாம்!"

கூட்டம் கைதட்டியது. தாசில்தார் துள்ளி எழுந்தார். "யார் சொன்னது? அவ காசு அவளுக்கு. என் காசு எனக்கு வேணும்!"

"அதைத்தானே ஐயா நானும் கேட்டேன்?"

கூட்டம் சிரித்த சிரிப்பில், உதவித்தொகையை நிறுத்திய உத்தரவு அப்போதே ரத்தானது.