பச்சை விழாத சிக்னல்

சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யானாலும் என் பல்செட் இந்த நிமிஷமே கழன்று விழட்டும்.

ரிட்டையர்டு ஸ்டேஷன் மாஸ்டர் தைரியநாதனுக்கு மீன்தொட்டியில் செடி வளர்க்கும் ஆசை வந்தது. கொளத்தூரில் மீன் கடை வைத்திருக்கும் மெஹரூன்தான் குரு. மகள் வயதுதான், ஆனாலும் வாய் நிறைய "குருவம்மா" என்பார்.

செடிகளுக்குக் கார்பன் டை ஆக்சைடு வேண்டும்; அதற்கு ஒரு சிலிண்டர். அளவு பார்க்கத் தொட்டிக்குள் ஒரு கண்ணாடிக் குமிழை ஒட்டிக் கொடுத்தாள் மெஹரூன். அது நீலமாக இருந்தால் வாயு போதாது, பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் மிஞ்சிவிட்டது. குமிழில் ஊற்ற நிறமருந்தும் ஒரு புட்டித் தண்ணீரும் தந்தாள்.

வீட்டில் போர் தண்ணீர் இருக்கக் கடைத் தண்ணீர் எதற்கு என்று குமிழில் அதையே ஊற்றி, புட்டியை அலமாரியில் வைத்துவிட்டார் மனிதர்.

குமிழ் நீலமாகவே நின்றது. சர்வீஸ் முழுக்கப் பச்சை விழாமல் ஒரு வண்டியை அனுப்பாதவர். வாயுவைக் கூட்டித் திருகினார். நீலம். இன்னும் திருகினார். நீலம்.

காலையில் மீன்களெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்தன. முதல்முறையாக இலையில் முட்டை வைத்திருந்த ஏஞ்சல் மீன் ஜோடியும் முட்டையை விட்டுவிட்டு வந்திருந்தது. ஒவ்வொன்றும் விட்ட ஏப்பம் அடுத்த தெருவுக்குக் கேட்டது. கோலி சோடா வாசனை வேறு.

மெஹரூன் ஸ்கூட்டரில் பறந்து வந்தாள். வாயுவை மூடி, ஏர் பம்பை முடுக்கினாள். ஜோடி முட்டைக்குத் திரும்பும்வரை தொட்டியை விட்டு நகரவில்லை.

அப்புறம் இரண்டு டம்ளர் கேட்டாள். ஒன்றில் போர் தண்ணீர், மற்றதில் மாடியில் பிடித்த மழைத் தண்ணீர். இரண்டிலும் நிறமருந்து. கோலி சோடா வாங்கிவரச் சொல்லி, இரண்டிலும் சில சொட்டு விட்டாள்.

மழைத் தண்ணீர் மஞ்சளானது. போர் தண்ணீர் நீலமாகவே உட்கார்ந்திருந்தது.

தைரியநாதன் மீதி சோடாவைக் குடித்துவிட்டு யோசித்தார்.

"ஒரே சோடாதானே?"

"ஒரே சோடாதான். உங்க தண்ணியில சுண்ணாம்பு ஜாஸ்தி. வாயுவோட புளிப்பை ஏறவே விடாது. அப்புறம் நிறம் எங்கேர்ந்து மாறும்?"

அவர் அலமாரியிலிருந்து புட்டியை எடுத்துவந்தார்.

"இதை ஊத்தினா பச்சை சரியா விழுமா, குருவம்மா?"

"விழும். இதுல சுண்ணாம்பு அளவா இருக்கு."

"அப்ப இனிமே குமிழைப் பார்த்தா போதும்?"

மெஹரூன் சிரித்தாள். ஏஞ்சல் ஜோடி முட்டைகளுக்கு விசிறிக்கொண்டிருந்தது.

"மாஸ்டர் சார், பிளாட்பாரத்துல ஜனமெல்லாம் மூச்சுமுட்டி நிக்கிறப்ப, நீங்க சிக்னலையா பார்த்துட்டு இருப்பீங்க?"

தைரியநாதன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். ஏப்பம்தான் வந்தது.

கேட்டதோடு விடுங்கள். எனக்கு இதை யார் சொன்னது என்று மட்டும் வெளியே விடாதீர்கள்; அந்த ஏஞ்சல் ஜோடி ரொம்ப மானஸ்தர்கள்.