கண் திறந்த தூரிகை

குருவைவிடச் சீடனுக்கு நரை அதிகம். மாயழகு கடைப் பலகைகளுக்கு எழுத்து வரைந்தே வயதைத் தொலைத்தவன். மனைவி மீனாள் கிணற்றில் விழுந்து செத்தபின், அவள் முகத்தை வீட்டுச் சுவரில் வரையத் தொடங்கினான். முகம் வந்தது, மூக்குத்தி வந்தது. கண் மட்டும் வரவில்லை. அதற்காகத்தான் உடையம்மாளிடம் வந்து சேர்ந்தான். எல்லைச் சாமிகளின் மண் சிலைகளுக்குக் கண் திறக்கிறவள் அவள்.

"கண்ணெழுத எந்த பிரஷ்ஷு தாயி சரி?"

அவள் மூலையில் கிடந்த சுண்ணாம்பு மட்டையை எடுத்து நீட்டினாள். சுவருக்கு வெள்ளையடிக்கிற மட்டை.

மாயழகுக்குச் சுருக்கென்றது. "கேலி பண்றீகளா தாயி?"

"இல்லண்ணே. இப்ப வேணாமுன்னா அங்கனயே போடுங்க."

அவன் போட்டான். ஆனால் போகவில்லை. ஆட்டு முடி, அணில் முடி என்று தூரிகை கட்டக் கற்றுக்கொண்டான். கட்டியதையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோய் மீனாளின் முகத்தில் வைத்துப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் பொம்மைக் கண்தான் வந்தது. பாவம், அழித்து அழித்து எழுதினான்.

ஆடியில் ஐயனாருக்குக் கண் திறந்தார்கள். உடையம்மாள் புதுத் தூரிகையை மையில் தொட்டு ஒரே இழுப்பாக இழுத்தாள். கூட்டத்தில் ஒரு கைக்குழந்தை வீறிட்டது. மாடுகள் பின்வாங்கின.

கண் திறந்த தூரிகையை அன்றே ஊருணியில் விட்டுவிட வேண்டும், மறுபடி தொடக் கூடாது. அது அந்த ஊர் வழக்கம். விட்டுவரச் சொல்லி மாயழகிடம் கொடுத்தாள். அவன் வேறொரு தூரிகையைத் தண்ணீரில் எறிந்துவிட்டு, இதை மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினான்.

சில நாள் கழித்து வந்தான். ஆள் பாதியாகியிருந்தான்.

"கண்ணு வந்துருச்சு தாயி."

"அதுக்குத்தானே தவிச்சீக?"

"பாக்குறா. ஆனா என்னையப் பாக்கல. வாசலத்தான் பாக்குறா. விடிஞ்சா கண்ணுக்குக் கீழ சுவரு நனைஞ்சு கெடக்கு. அழுவுறாளோன்னு தொட்டு நாக்குல வச்சேன். உப்புக் கரிக்கல, தாயி. எங்க கிணத்துத் தண்ணி."

உடையம்மாள் தூரிகையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அவ வாசலப் பாக்குறப்ப நீங்க எங்க இருக்கீக?"

மாயழகு தலையைக் குனிந்துகொண்டான். "கதவச் சாத்தி, அதுல சாஞ்சு உக்காந்திருக்கேன்."

அவனுக்கு அழுகை வந்தது.

"அந்தக் கண்ண மூட ஒரு பிரஷ்ஷு குடுங்க தாயி. தூங்குற மாதிரி எழுதிர்றேன். எங்கூடவே இருக்கட்டும்."

"மூடுறதுக்கு ஒண்ணு இருந்தா, தொறந்தத எதுக்குத் தண்ணியில விடுறோம்?"

"அப்ப நான் என்னதான் செய்ய?"

அவள் மூலையைப் பார்த்தாள். சுண்ணாம்பு மட்டை அவன் போட்ட இடத்திலேயே கிடந்தது. எடுத்துத் தூசி தட்டி அவன் கையில் கொடுத்தாள்.

"வெள்ளையடிக்கிறப்ப வாசக்கதவு தொறந்திருக்கட்டும்ண்ணே."