விலைக்கு இன்பாக்ஸ் வரவும்

"குருவே, பைசா செலவில்லாம என் ஊறுகாயை ஊரெல்லாம் தெரிய வைக்கணும். அதுக்கு ஒரு வழி சொல்லுங்க" என்று கேட்டார் சீடர்.

சீடருக்கு வயது ஐம்பத்து மூன்று. குருவுக்கு இருபத்தெட்டு.

குருவின் பெயர் செண்பகவல்லி. கோவில்பட்டியில் ஒரு டெய்லர் கடை மாடியில் உட்கார்ந்துகொண்டு ஈர்க்கு விளக்குமாற்றை ஆன்லைனில் விற்கிறவள். வாங்குகிறவர்கள் எல்லாம் பெங்களூர், மும்பை ஆட்கள். விளம்பரத்துக்கென்று அவள் ஒரு ரூபாய் கொடுத்ததில்லை என்பது ஊரறிந்த சங்கதி. விளக்குமாற்றையே விமானம் ஏற்றியவள் ஊறுகாயை ஏற்ற மாட்டாளா? அந்த நம்பிக்கையில்தான் தங்கமாரியப்பன் மாடியேறி வந்திருந்தார்.

"குருவேன்னு கூப்பிடாதீங்க அண்ணாச்சி. கீழே டெய்லர் சிரிக்காரு" என்றாள் செண்பகவல்லி.

"சரி குருவே."

அவள் ஒரு விளக்குமாற்றை அட்டையில் சுற்றி டேப் ஒட்டினாள்.

"இதுவரைக்கும் என்னென்ன செஞ்சீங்க?"

என்ன செய்யவில்லை மனுஷன்! பத்தொன்பது வாட்ஸ்அப் குரூப்பில் நார்த்தங்காய் ஊறுகாய் படம் போட்டாயிற்று. பத்தாம் வகுப்புத் தோழர்கள் குரூப்பில் போட்டார். தெருவுக்குத் தண்ணீர் வரும் நேரம் சொல்கிற குரூப்பில் போட்டார். பழைய ஹெட்மாஸ்டர் தவறிப்போன செய்திக்கு எல்லோரும் கைகூப்பிக்கொண்டிருந்தபோது அங்கேயும் நடுவில் போட்டார். அதற்கும் நாலு பேர் கைகூப்பினார்கள்.

"வீடியோகூடப் போட்டேம்மா. சோறில்லாம ஊறுகாயை மட்டும் அள்ளி வாயில போட்டுக் காட்டினேன். காரத்துல கண்ணுல தண்ணி கொட்டிருச்சு. எனக்கு என்ன கஷ்டமோன்னு அம்பது பேர் அழுகை பொம்மை அனுப்பிட்டாங்க."

"எத்தனை பாட்டில் போச்சு?"

"ஒண்ணு. என் கொழுந்தியா வாங்கினா."

கொஞ்சம் நிறுத்தி, "சும்மாதான் கொடுத்தேன்" என்றார்.

வீட்டில் அறுபது பாட்டில் நிற்கிறது. மனைவி சுலோசனா மொட்டை மாடி வெயிலில் கருகிக் கருகிப் போட்ட ஊறுகாய். "ஆன்லைன்ல விட்டா ஒரே வாரத்துல காலி" என்று மார் தட்டியது இவர்தான். ஞாயிற்றுக்கிழமைக்குள் பாதியாவது போகவில்லையென்றால், திங்கட்கிழமையிலிருந்து மச்சினன் இளங்கோவின் ஃபேன்சி ஸ்டோரில் ஸ்டூல் போட்டு உட்கார வேண்டும். வீட்டில் பேசி முடித்தாயிற்று. இளங்கோ கெட்டவன் இல்லை. "அத்தான், முடிஞ்சா அந்த ஹேர்பின்னை மட்டும் கலர் கலரா பிரிச்சு வைங்க" என்று அன்பாகத்தான் சொல்வான். அந்த அன்பைத்தான் இவரால் தாங்க முடியாது.

"ஃபேஸ்புக்ல நீங்க போட்டதைக் காட்டுங்க" என்றாள் குரு.

காட்டினார். நடுவில் பாட்டில். சுற்றிலும் ஏழு ரோஜா, இரண்டு குத்துவிளக்கு, ஒரு மயில். அடியில் கொட்டை எழுத்தில்: விலைக்கு இன்பாக்ஸ் வரவும்.

"கீழே முப்பது பேர் விலை என்னன்னு கேட்டிருக்காங்களே அண்ணாச்சி."

"ஆமா. ஒருத்தரை விடல. எல்லாருக்கும் மரியாதையா 'இன்பாக்ஸ் வாங்க'ன்னு பதில் போட்டிருக்கேன் பாருங்க."

"வந்தாங்களா?"

"ரெண்டு பேர் வந்தாங்க."

"விலை சொன்னீங்களா?"

"எடுத்த எடுப்புல சொல்லிர முடியுமா? பேரு, ஊரு, யாரு என்னன்னு விசாரிக்கணும்ல? விசாரிச்சுக்கிட்டேதான் இருந்தேன். ஆளையே காணோம். சனத்துக்குப் பொறுமை கிடையாதும்மா."

செண்பகவல்லி அடுத்த விளக்குமாற்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வழி இருக்கு அண்ணாச்சி. ஒரே வழி. அஞ்சு பைசா செலவு கிடையாது. இன்னைக்கே பலிக்கும்."

தங்கமாரியப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சொல்லுங்க குருவே!"

"இன்பாக்ஸ் வாங்க."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு விளக்குமாற்று நீளம்தான் இருந்தது. இருந்தாலும் குரு சொல்லைத் தட்டலாமா? போனை எடுத்துத் தட்டினார்.

'வணக்கம். என்ன வழி?'

அவள் டேப்பைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகப் பதில் அடித்தாள்.

'வணக்கம் சார். தங்கள் பெயர்?'

'தங்கமாரியப்பன்.'

'எந்த ஊர் சார்?'

'கோவில்பட்டி. உனக்கு எதிர்லதாம்மா உட்கார்ந்திருக்கேன்.'

'கோவில்பட்டியில் எங்கே சார்?'

தலையைத் தூக்கிப் பார்த்தார். அவள் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

'உன் மாடியில.'

ஒரு ரோஜாப்பூ வந்தது. பின்னாலேயே, 'எங்களைப் பற்றி யார் சொன்னார்கள் சார்?'

'ஊரே சொல்லுது. வழியைச் சொல்லு.'

'வீட்டில் எத்தனை பேர் சார்?'

'நாலு பேர். வழி??'

'மிக்க மகிழ்ச்சி சார்.'

அதோடு சரி. அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு விளக்குமாறு கட்டப் போய்விட்டாள். ஒன்று கட்டினாள். இரண்டு கட்டினாள். மூன்றாவதற்கு டேப் கிழித்தபோது தங்கமாரியப்பன் எழுந்தே விட்டார்.

"ஏம்மா, கேட்ட கேள்விக்கு நேரா ஒரு பதில் சொன்னா என்ன குறைஞ்சா போயிரும்? உன் சொத்தையா எழுதிக் கேட்டேன்? பேரென்ன, ஊரென்னன்னு! எனக்கு என்ன பொண்ணா பாக்கப் போற? ஆளை விடு சாமி. உனக்கு என் மச்சினன் கடை எவ்வளவோ தேவலை!"

செருப்பை மாட்டிக்கொண்டு தடதடவென்று படியிறங்கினார். காது மடலெல்லாம் கொதித்தது. இனி இந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பதில்லை என்று சொல்லிக்கொண்டே ஏழாவது படிக்கு வந்தார்.

வந்தவர் நின்றார்.

ஒரு கால் கீழே, ஒரு கால் மேலே. அப்படியே கொஞ்ச நேரம் நின்றார்.

"அட, கூறுகெட்டவனே" என்றார். அங்கே வேறு யாரும் இல்லை.

படியிலேயே உட்கார்ந்து போனை எடுத்தார். முதல் ஆளின் கேள்விக்குக் கீழே, 'அரை கிலோ பாட்டில் நூற்று அறுபது ரூபாய்' என்று அடித்தார். இரண்டாவது ஆளுக்கும் அதையே அடித்தார். ரோஜா வைக்கவில்லை. விரல் வலித்தது, விடவில்லை.

பதினோராவது ஆளுக்கு அடித்துக்கொண்டிருந்தபோது மாடியிலிருந்து குரல் வந்தது.

"அண்ணாச்சி! நூத்தி அறுபது, கூரியரோட சேர்த்தா?"

"இன்..." என்று கிளம்பிய நாக்கை அவர் நறுக்கென்று கடித்துக்கொண்டார்.

"சேர்த்துத்தாம்மா!"

"அப்ப திருப்பூர்ல எங்க சித்திக்கு ரெண்டு!"