சேர்மன் வீட்டுச் சுவரில் ஓட்டை

மாஜி சேர்மன் சங்கிலிமுத்து தன் பழைய வீட்டு மர ஜன்னல்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, திறக்கவே முடியாத கண்ணாடி பதித்தார். தூசி வருகிறதென்று மேலே இருந்த காற்றுத் துவாரங்களையும் பூசி அடைத்தார்.

"அடுப்படியில மட்டும் ஒரு வழி விடுங்கய்யா, புகை மண்டுது" என்றாள் சமையல்காரி மாடத்தி.

"சேர்மன் வீட்டுச் சுவத்துல ஓட்டையா?" என்று சீறினார். "ஞாயித்துக்கிழமை நம்ம பயலுக்குப் பாத்த பொண்ணு வீட்டுக்காரங்க வீடு பாக்க வாராங்க. பொண்ணோட அப்பாவுக்குக் கருவாட்டுக் குழம்புன்னா உசிரு. குழம்பும் வேணும், வாசம் ஹாலுக்கு வரவும் கூடாது. வந்தா உனக்கு இங்க வேலை கிடையாது."

"சரிங்கய்யா."

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் விருந்தாளிகள் வேர்த்து வழிந்தார்கள். ஆனால் கருவாட்டு வாசம் துளிகூட இல்லை.

"பாத்தீங்களா நம்ம ஜன்னலை!" என்று பூரித்த சேர்மன், எல்லாரையும் அடுப்படிக்கு அழைத்துப் போனார். அங்கே அடுப்பையே காணோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கொல்லையில், முருங்கை மரத்தடியில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

கொல்லைக்கு ஓடினார். "இங்க என்னடி பண்ணுத?"

"வாசம் வெளிய போக வழி இல்லைய்யா. எனக்குக் கதவு இருந்துச்சு, நான் வந்துட்டேன்."

பின்னாலேயே வந்த பெண்ணின் அம்மா, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நன்றாக ஒரு மூச்சு இழுத்துவிட்டாள்.

"அண்ணாச்சி, நாளைக்கு எம்பொண்ணும் இந்த முருங்கை மரத்தடியிலதான் குடித்தனம் நடத்தணுமா?"

மறுநாள் விடிந்ததும் அடுப்படிச் சுவரில் உளிச் சத்தம். பக்கத்திலேயே நின்று சேர்மன் கொத்தனாரை அதட்டிக்கொண்டிருந்தார்:

"ஓட்டைன்னு சொல்லாதடே. வென்டிலேட்டர்!"