நாலு கோடு நோட்டின் பின்பக்கம்

"அழிச்சு அழிச்சு என் கைதான் தேயுது டீச்சர். அதோட எழுத்து திருந்துற வழியக் காணோம்" என்றாள் கோமளா.

அது என்றால் மிருதுளா. எல்.கே.ஜி.யில் படிக்கிற நாலரை வயசு வாண்டு. பெரிய ஏபிசிடியை எப்படியோ எழுதி ஒப்பேற்றிவிட்டாள். சின்ன ஏபிசிடிக்கு வந்ததும் தகராறு. ஜி எழுதச் சொன்னால் வால் கடைசிக் கோட்டைத் தாண்டி, அடுத்த வரிக்குள் இறங்கி, அங்கே இருக்கிற ஜியின் தலையில் போய் இடிக்கும்.

சபூரா டீச்சர் பிள்ளைகள் தூங்குவதற்குப் பாய் விரித்துக்கொண்டிருந்தாள். புதிதாகச் சேர்ந்த கோமளாவுக்கு வேலை பழக்குகிறவள் அவள்தான். பதினைந்து வருஷம் இளையவள். ஐம்பது வயசில் போய் ஒரு சின்னப் பெண்ணிடமா கற்றுக்கொள்வாய் என்று நாத்தனார் கேட்டதற்கு, தெரிந்தவளிடம்தானே கற்க முடியும் என்று வாயை அடைத்துவிட்டு வந்திருந்தாள் கோமளா.

"நாளைலேருந்து ரப்பர் வேணாம்க்கா."

சபூரா கையை நீட்டினாள்.

பெற்றவர்கள் நோட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டால் யார் பதில் சொல்வது என்று கோமளா படபடத்தாள். நீட்டிய கை அப்படியே இருந்தது. ரப்பரைக் கொடுத்தாள். மனசு மட்டும் ஆறவில்லை.

மறுநாள் மதியம், பிள்ளைகள் கண்ணயர்ந்த பிறகு, பையிலிருந்து ஒரு பழைய நாலு கோடு நோட்டை எடுத்தாள்.

அது தாரிணியுடையது. கோமளாவின் ஒரே பெண். மூளைக்காய்ச்சலில் போய் இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. சட்டை, கொலுசு எல்லாம் யார் யாருக்கோ போய்விட்டன. பிள்ளை கைபட்டது என்று மிச்சமிருப்பது இந்த நோட்டு ஒன்றுதான். பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடக்கும். பிறந்தநாளன்று மட்டும் வெளியே எடுப்பாள். அன்றைக்கெல்லாம் சோறு இறங்காது.

இதுவரை யாருக்கும் காட்டியதில்லை.

"பாருங்க டீச்சர். நாலரை வயசுல எம்மக எழுதினது. முத்து முத்தா."

சபூரா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் ஸ்டார்.

கோமளாவுக்குப் பேச்சு நிற்கவில்லை. தாரிணி பென்சிலைப் போட்டு அழுத்துவாளாம், தினம் இரண்டு முனை உடையுமாம். கோணலாக வந்ததைக் கோமளா அழித்து, கையைப் பிடித்து, மறுபடி எழுத வைப்பாளாம். காய்ச்சல் ஆரம்பித்த அன்று சாயங்காலம்கூட, தூக்கம் வருதும்மா என்று பிள்ளை சிணுங்க, ஒரு பக்கம் முடிக்க வைத்துவிட்டுத்தான் படுக்க விட்டாளாம்.

"மறுநாள் ஸ்டார் வாங்கணுமே" என்றாள்.

சபூரா கடைசிப் பக்கத்துக்கு வந்திருந்தாள். வரி வரியாக ஜி.

"இது யார் கையெழுத்துக்கா?"

"அதான் சொன்னேனே, எம்மக..."

சபூரா திரும்பிக் கரும்பலகையைப் பார்த்தாள். காலையில் கோமளா எழுதிப் போட்ட ஜி வரிசை அங்கே அழிக்காமல் இருந்தது.

கோமளாவும் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள். அதே வட்டம். வால் முடிகிற இடத்தில் அதே சின்னச் சுழி.

நோட்டைப் பிடுங்கி முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள். ஒரு எழுத்து, ஒரே ஒரு கோணல் எழுத்து கிடைத்தால் போதும் என்று தேடினாள். எல்லாம் முத்து முத்தாக இருந்தது. இத்தனை வருஷமும் அவள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதது தன் கையெழுத்தை.

"ஒண்ணுகூட விட்டுவைக்கலியே, பாவி" என்றாள்.

சபூரா கடைசித் தாளைத் திருப்பினாள். கோமளாவின் ஆள்காட்டி விரலைப் பிடித்து, எழுதாத பின்பக்கத்தில் வைத்து, மெல்ல நகர்த்தினாள்.

விரலில் ஏதோ தட்டியது. பென்சில் அழுத்திய, ரப்பருக்குப் போகாத தடம். கோணல்மாணலாக ஒரு வட்டம். அதிலிருந்து ஒரு வால். இறங்கி, கடைசிக் கோட்டைத் தாண்டி, அடுத்த வரிக்குள் போய், எதன் தலையிலோ இடித்து நின்றது.

சபூரா விரலை விட்டுவிட்டாள். கோமளாவின் விரல் தானாகவே அடுத்த தடத்துக்குப் போயிற்று. பிறகு அதற்கடுத்ததுக்கு. பிள்ளைகள் எழுந்துவிடக் கூடாதே என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

மிருதுளா தூங்கவே இல்லை போலிருக்கிறது. நோட்டும் கையுமாக வந்து நின்றாள்.

"மிஸ், கோணலாயிடுச்சு. அழிச்சிருங்க."

கோமளா கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டை வாங்கினாள். வால் அடுத்த வரியில் தொங்கிக்கொண்டிருந்தது. விரலால் அதைத் தடவினாள்.

"வேணாம்டி தங்கம்" என்றாள். "இன்னும் கொஞ்சம் அழுத்தி எழுது."