புஷ்பம் நண்டுத்தீவு பாத்த கதை

ஒரு ஊர்ல ஒரு பெரிய குடும்பம் இருந்துச்சாம். பாய் விரிச்சா பாய் பத்தாது, இலை போட்டா இலை பத்தாது, அவ்வளவு ஆளு அந்த வீட்டுல. காலை நீட்டிப் படு கண்ணு, போர்வையை உதைக்காத. நடுநடுவுல ம் கொட்டணும், தெரியுதா? நீ ம் கொட்டலன்னா கதை அங்கயே நின்னுடும், அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது.

ம். அப்படித்தான்.

அந்த வீட்டுக்கு மருமகளா வந்தவ பேரு தங்கபுஷ்பம். புஷ்பம், புஷ்பம்னு கூப்பிடுவாங்க. கூப்பிடுவாங்கன்னா, விடிஞ்சதுல இருந்து கூப்பிட்டுக்கிட்டேதான் இருப்பாங்க. "யம்மா புஷ்பம், வெந்நி!" இது மாமனாரு. "மதினி, என் சீப்பு எங்க?" இது நாத்தனா கோமு. "புஷ்பம், துண்டு!" இது அவ புருசன் ஆத்திமுத்து. துண்டு அவன் தோள்லயே கெடக்கும், அது வேற விஷயம். இவளும் குடுகுடுன்னு ஓடுவா. மொகம் சுளிக்க மாட்டா. அவ பொறந்தது மலையடிவாரம். கடல்னா என்னன்னே பாத்ததில்ல. இந்த ஊர்ல இருந்து மாட்டுவண்டி கட்டுனா வெயில் ஏறுறதுக்குள்ள கடற்கரைக்குப் போயிடலாம். ஆனா யாரு கூட்டிட்டுப் போறது?

அப்போ ஒரு நாள், கருவாடு விக்க சூசை அண்ணாச்சி வந்தாரு. அவரு வள்ளம் வெச்சு கடலுக்குப் போறவரு. புஷ்பம் ஒரு செம்பு மோர் குடுத்தா. மடக் மடக்குன்னு குடிச்சுட்டு, வாயைத் தொடச்சுட்டு சொன்னாரு.

"கடலுக்குள்ள நண்டுத்தீவுன்னு ஒண்ணு இருக்கு தாயி. ஆள் நடமாட்டமே கெடையாது. கரை பூரா செவப்பு நண்டு. காலை வெச்சா விறுவிறுன்னு வளைக்குள்ள போயிரும். பூநாரை கூட்டமா வந்து ஒத்தக் கால்ல நிக்கும். ஆமை கரையேறி மண்ணைத் தோண்டி முட்டை போட்டுட்டுப் போகும். வள்ளம் போகையில ஓங்கில் மீனு, டால்பின்னு சொல்லுவாங்களே, அது கூடவே குதிச்சுக்கிட்டு வரும், புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விட்டுக்கிட்டு."

"நெசமாவா அண்ணாச்சி?"

"பொய் சொல்லி எனக்கென்ன ஆகப் போவுது? ஆனா ஒண்ணு, அந்தத் தீவை அலை கொஞ்சங்கொஞ்சமா தின்னுக்கிட்டு வருது. நான் சின்னப்புள்ளையா இருக்கையில இந்த ஊரு அளவுக்கு இருந்துச்சு. இப்போ பாதி இல்ல. பாக்கணும்னா சட்டுன்னு பாத்துரணும்."

அவரு போயிட்டாரு. புஷ்பம் செம்பைக் கையில பிடிச்சுக்கிட்டு அங்கயே நின்னா. அடுப்புல பால் பொங்கி, சொய்ய்ய்ன்னு வழிஞ்சு நெருப்பை அணைச்சுடுச்சு. அவளுக்குத் தெரியவே இல்ல. அந்தத் தீவைப் பாத்தே ஆகணும்னு அவ நெஞ்சுல அப்படி ஒரு ஆசை விழுந்துபோச்சு. அது வேற யாருக்கும் தெரியாது, உனக்கும் எனக்கும்தான் தெரியும்.

புருசன்கிட்ட மெதுவாச் சொன்னா. அவன் அவங்க அம்மாகிட்டச் சொன்னான். அவங்க பேரு வள்ளிநாச்சி. அவங்க கேட்டா வீடே கேட்ட மாதிரி. அப்புறம் ஆரம்பிச்சுது பாரு திட்டம்!

முத்தத்துல எல்லாரும் உக்காந்து பேசுறாங்க பேசுறாங்க, அப்படிப் பேசுறாங்க. புளியோதரையா, தேங்காச் சோறா? தொட்டுக்கத் துவையலா, வறுத்த மொளகாயா? வெறும் மண்ணுல நான் எப்பிடிப் படுக்க, எனக்கு இடுப்பு வலின்னு மாமனாரு கேட்டாரு. காத்துல முடி கலைஞ்சுடும், கண்ணாடி எடுத்துக்கணும்னு கோமு சொன்னா. கட்டுச்சோத்து மூட்டையில கரித்துண்டு போட மறந்துடாதீங்க, பேய் பிசாசு கூட வந்துரும்னு வள்ளிநாச்சி சொன்னாங்க. இப்படியே ஒரு மாசம் திட்டம் போட்டாங்க. அந்தத் தீவுல என்ன இருக்கும்னு ஒரு ஆளு கேக்கணுமே? ம்ஹூம். போறது தீவுக்கா, பந்திக்கான்னே தெரியல!

சிரிக்காத. நம்ம வீட்டுல மட்டும் என்ன வாழுதாம்?

அப்புறம் அந்த நாள் வந்துச்சு. கோழி கூவுறதுக்கு முன்னாடியே எந்திரிச்சு புஷ்பம்தான் சமைச்சா. சடசடன்னு கடுகு தாளிச்சு, கமகமன்னு புளிக்காய்ச்சல் வெச்சு, சோறு கிண்டி, மூட்டை கட்டி, கரித்துண்டு போட்டு, குளிச்சு, பூ வெச்சு, வாசலுக்கு வந்தா. வண்டியில எல்லாரும் ஏறியாச்சு. அப்போ மாமனாரு கேட்டாரு, "அது சரி, அந்தி வெளக்கு யாரு ஏத்துவா?"

அந்த வீட்டு வழக்கம் அப்படி கண்ணு. பொழுது சாஞ்சா வீட்டுல வெளக்கு எரியணும். பூட்டுன வீடா, இருட்டு வீடா ஒரு நாளும் கெடக்கக் கூடாது. ஒரு மாசம் துவையலைப் பேசுனவங்க, வெளக்கை மறந்துட்டாங்க பாரு! எல்லாரும் திரும்பி யாரைப் பாத்தாங்க? ம், புஷ்பத்தைத்தான்.

"நான் இருந்துக்கிடுதேன் மாமா. நீங்க போயிட்டு வாங்க"ன்னா அவ.

வண்டி கடகடன்னு போயிடுச்சு. அவ சாயந்திரம் வெளக்கு ஏத்திட்டு வாசல்ல நின்னுக்கிட்டே இருந்தா. திரும்பி வந்தவங்ககிட்ட ஓடிப்போய், "ஆமை பாத்தீங்களா? பூநாரை வந்துச்சா?"ன்னு கேட்டா. "எங்க பாத்தோம்? சாப்பிட்டோம், தூங்கினோம், வந்தோம்"னாங்க. "புளியோதரையில உப்பு ஒரு கல்லு கூடிப்போச்சு மதினி"ன்னா கோமு. எனக்குக் கேக்கும்போதே கோவம் வருது, உனக்கு வரல?

அடுத்த வருசம் வந்துச்சு. சூசை அண்ணாச்சி வந்து, "தீவு சுருங்கிடுச்சு, இப்போ ஒரு குளம் அளவுதான்"னாரு. மறுபடியும் திட்டம்! இந்தத் தடவ வெளக்கை யாரும் மறக்கல. பக்கத்து வீட்டுக்காரம்மாகிட்டச் சொல்லி வெச்சாச்சு. புஷ்பத்துக்குத் தரையில கால் பாவல. ஆனா போன தடவ மண்ணுல படுத்து இடுப்பு போச்சுன்னு மாமனாரு கட்டிலைத் தூக்கி வண்டியில போட்டாரு. கோமு ஆளுயரக் கண்ணாடி. அப்புறம் முறுக்கு டின்னு, தண்ணிக் குடம், அண்டா, கூஜா, துவையலை அங்கயே அரைக்கணுமாம், அதுக்கு ஒரு அம்மி! ஊரே பாத்துச் சிரிக்குது. கடைசியா புஷ்பம் ஏறினா. வண்டி கிறீச்னுச்சு. மாடு முன்னங்காலை மடக்கி தொப்புன்னு படுத்துக்கிச்சு.

ஹை ஹைன்னு அதட்டுறாங்க. மாடு அசையல. ஏதாவது ஒண்ணை எறக்குனாத்தான் வண்டி போகும். கட்டிலை எறக்கலாமா? மாமனாரு விடல. கண்ணாடியை? கோமு விடல. அம்மியை? அது அடியில மாட்டிக்கிச்சு. அப்போ புஷ்பம் தானா எறங்கிட்டா. உடனே மாடு எந்திரிச்சிருச்சு. மாட்டையும் குத்தம் சொல்ல முடியாது, பாவம்.

பக்கத்து வீட்டம்மாவுக்கும் வேலை மிச்சம். அன்னைக்கும் புஷ்பமே வெளக்கு ஏத்துனா.

மறுநாள் காலையில கிணத்தடியில அவ துணி தொவைச்சுக்கிட்டு இருந்தா. எல்லாரும் கடல் தண்ணியில நனைச்சுட்டு வந்த துணி. வள்ளிநாச்சி பல் வெளக்க அந்தப் பக்கம் வந்தாங்க. வாழை மரத்துக்கு இந்தப் பக்கம் நின்னதால புஷ்பம் அவங்களைப் பாக்கல. புஷ்பம் ஒரு வேட்டியை எடுத்தா. வாளியில முக்கப் போனவ அப்படியே நின்னா. சுத்தும் முத்தும் பாத்தா. அப்புறம் அந்த வேட்டிக் கரையை நாக்குல தொட்டு, கண்ணை மூடிக்கிட்டு ருசி பாத்தா. கடல் எப்படி இருக்கும்னு பாக்குறா, கண்ணு.

அதைப் பாத்த வள்ளிநாச்சி சத்தம் போடாம உள்ள வந்துட்டாங்க. அன்னைக்கு அவங்களுக்குச் சோறு எறங்கல. ரெண்டு தடவ போயிட்டு வந்தோமே, அந்தப் பொண்ணை ஒரு தடவ நெனச்சோமான்னு மனசு அறுத்துக்கிட்டே கெடந்துச்சு. அவங்க கெட்டவங்க இல்ல. பாக்காம இருந்துட்டாங்க, அவ்வளவுதான். எத்தனையோ நல்லவங்க அப்படித்தான் இருக்காங்க.

ம்? தூங்கிட்டியா? இல்லையா? சரி, கேளு.

மூணாவது வருசம் சூசை அண்ணாச்சி வந்து தலையில கைய வெச்சு உக்காந்துட்டாரு. "நெல்லு அடிக்கிற களம் இருக்குல்ல, அவ்வளவுதான் மிச்சம். வர்ற மழைக்கு அதுவும் இருக்காது."

அன்னைக்குச் சாயந்திரம் முத்தத்துல திட்டம் கூடுச்சு. மாமனாரு, "கட்டிலை…"ன்னு வாயைத் தொறந்தாரு. வள்ளிநாச்சி கையைக் காட்டி நிறுத்திட்டாங்க.

"இந்தத் தடவ கட்டுச்சோறு நான் கட்டுதேன். வீட்டுல நான் இருக்கேன். வண்டியில மொத ஆளா புஷ்பம் ஏறுவா. அவ ஏறுன பெறகு எடம் இருந்தா மத்தவங்க ஏறுங்க."

"நீ வரலையா? அப்போ வெளக்கு…"ன்னு மாமனாரு இழுத்தாரு.

"ஏன், வெளக்கு ஏத்த எனக்குக் கை இல்லையா?"

புஷ்பம், "வேணாம் அத்தை, நீங்க போங்க"ன்னா. "ஏளா, பேசாம போய் நல்ல சேலையா ஒண்ணு எடுத்து வை"ன்னாங்க.

மறுநாள் உச்சிப்பொழுதுல வண்டி கெளம்பிச்சு. ஆனா பழகின காலு சும்மா இருக்குமா? ஊர் எல்லையில, "ஐயோ, கோழியை அடைக்கல!"ன்னு புஷ்பம் குதிக்கப் போனா. ஆத்திமுத்து கையைப் பிடிச்சுக்கிட்டான். கொஞ்ச தூரம் போனதும், "ஐயோ, அரிசி ஊறப் போடல!" மறுபடியும் பிடிச்சுக்கிட்டான். அப்புறம் பனங்காட்டுக்கிட்ட, "அத்தைக்குத் தைலம் எடுத்து வெக்கலையே!" அவன் சொன்னான், "எங்கம்மா பாத்துக்கிடுவா. நீ முன்னாடி பாரு." அவ முன்னாடி பாத்தா.

கடல்!

அவ கண்ணுல இருந்து பொலபொலன்னு தண்ணி கொட்டுச்சு. கோமுவே தன் முந்தானையால தொடச்சு விட்டா.

அப்புறம் சூசை அண்ணாச்சி வள்ளம். சளக் புளக், சளக் புளக். புஸ்ஸுன்னு ஒரு சத்தம், பாத்தா ஓங்கில்! ஒண்ணு, ரெண்டு, அம்மாடி, ஒரு கூட்டமே குதிச்சுக்கிட்டு வருது. பொழுது மேக்கால எறங்குற நேரம், தீவு தெரிஞ்சுது. தீவுன்னா என்ன, ஒரு மணல் திட்டுதான். ஆனா அதுல எடமே இல்ல! பெரிய தீவுல இருந்த உசுரெல்லாம் அந்தக் களத்துக்குள்ள வந்து நெருக்கிக்கிட்டு நிக்குது. பூநாரைக் கூட்டம் ஒரு பக்கம், செவப்பு நண்டு ஒரு பக்கம், குருவிங்க கீச்சு கீச்சுன்னு ஒரு பக்கம்.

சூசை அண்ணாச்சி நங்கூரத்தைப் போட்டுட்டு சொன்னாரு, "எல்லாரும் எறங்குனா இதுங்க மெரண்டு போயிரும். ஒரு ஆளு நிக்கத்தான் எடம் இருக்கு."

மாமனாரு கோமுவைப் பாத்தாரு. கோமு ஆத்திமுத்துவைப் பாத்தா. அப்புறம் எல்லாரும் புஷ்பத்தைப் பாத்தாங்க. அன்னைக்கு வெளக்குக்குப் பாத்தாங்களே, அந்தப் பார்வை இல்ல இது.

"நீ எறங்கும்மா"ன்னாரு மாமனாரு.

புஷ்பம் சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு எறங்கினா. நண்டெல்லாம் விறுவிறுன்னு ஒதுங்கி, அவ நிக்க ஒரு சின்ன வட்டம் விட்டுச்சு. அப்போ பாத்து அவ காலுக்கிட்ட மண்ணு பொலபொலன்னு அசைஞ்சுது. உள்ள இருந்து ஒரு குட்டித் தலை. அப்புறம் இன்னொண்ணு. ஆமைக்குஞ்சு கண்ணு! உன் உள்ளங்கையில பாதி கூட இருக்காது. தத்தக்கா பித்தக்கான்னு கடலைப் பாத்து நடக்குது. ஒண்ணு மல்லாக்க விழுந்து காலை ஆட்டுச்சு. புஷ்பத்துக்குக் கை பரபரன்னு வந்துருச்சு. தூக்கி விடக் குனிஞ்சா.

"தொடாத தாயி!"ன்னு சூசை அண்ணாச்சி கத்துனாரு. "அது தானா நடந்து போகணும். நீ ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா நின்னு பாரு!"

ஒண்ணும் செய்ய வேணாம். அந்த வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து அவகிட்ட யாரும் அப்படிச் சொன்னதே இல்ல கண்ணு. அவ நிமிந்து நின்னா. கையை என்ன பண்றதுன்னு தெரியல. கொஞ்ச நேரம் முந்தானையைத் திருகினா. அப்புறம் கை தானா ஓய்ஞ்சு தொங்கிச்சு. மல்லாந்து கெடந்த குஞ்சு தானே திரும்பி, அவ பாதத்து மேல ஏறி எறங்கி, தண்ணிக்குள்ள பொளக்னு போயிடுச்சு. அவ சத்தமாச் சிரிச்சா. அவ சிரிப்பு அப்படி இருக்கும்னு ஆத்திமுத்துக்கே அன்னைக்குத்தான் தெரியும்.

அந்த உசுரெல்லாம் என்ன ஆச்சா? பயப்படாத, பறக்கத் தெரிஞ்சது பறந்துச்சு, நீந்தத் தெரிஞ்சது நீந்துச்சு, நண்டுக்கு இன்னொரு திட்டு கெடைச்சுது.

வெளிச்சம் கொறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. தண்ணியும் ஏறுது. "கூப்பிடலாமா?"ன்னு சூசை அண்ணாச்சி கேட்டாரு. மாமனாருக்கு இடுப்பு வலி, கோமுக்குப் பசி. கட்டுச்சோத்து மூட்டை பிரிக்காமலே கெடக்கு. ஆனா ஒருத்தரும் அவளைக் கூப்பிடல.

"இருக்கட்டும் அண்ணாச்சி"ன்னான் ஆத்திமுத்து. "அவளா வரட்டும். நாங்க காத்திருக்கோம்."

அப்படியே வள்ளத்துல எல்லாரும் காத்துக்கிட்டே இருந்தாங்க. அவ அங்க நின்னுக்கிட்டே இருந்தா.

அவ்வளவுதான் கண்ணு. அலை ஒதுங்கிடுச்சு, கதையும் கரை சேந்துடுச்சு. நீயும் ஒண்ணும் செய்ய வேணாம், கண்ணை மூடு.